முதலில் கவிழ்த்துப் பாருங்கள்: மலையில் கிடைக்கும் பழைய பொருளை அடையாளம் கண்டு விலை போடுவது எப்படி

பழைய பொருள் ஒன்று கையில் கிடைத்ததும் அதன் முகத்தைப் பார்த்து மயங்காதீர்கள், கவிழ்த்து அடியைப் பாருங்கள். தட்டாக இருந்தால் அடிப்பக்கம், கடிகாரமாக இருந்தால் உள்ளே இருக்கும் தகடு, மேசையாக இருந்தால் இழுப்பறையை முழுசாக உருவி எடுத்து அதன் பின்பலகை. முன்பக்கம் விற்பதற்காகத் துடைத்து வைத்தது, பாலிஷ் போட்டால் எதுவும் பளபளக்கும். அடிப்பக்கத்தைத் துடைக்க யாருக்கும் தோன்றுவதில்லை, அதனால் பொருளின் வயசும் ஊரும் அங்கேதான் மிச்சமிருக்கும்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையைத் தனியாகச் செய்யாதீர்கள். குன்னூரில் நாங்கள் ஐந்து பேர் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடை மாடியில் உட்காருவோம். ஒருவர் வெலிங்டனில் வாட்ச் கடை வைத்திருந்து ஓய்ந்த பெரியவர், ஒருவர் மர ஆசாரி, ஒருவர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர், ஒரு அக்கா பள்ளியில் வரலாறு எடுப்பவர், நாணயம் என்றால் அவர்தான். நான் பீங்கானும் பித்தளையும் பார்ப்பவன். எனக்குக் கடிகாரம் தெரியாது, வாட்ச்கடைப் பெரியவருக்கு மரம் தெரியாது, அதனால்தான் ஐந்து பேர் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கம் பொருள் வரும் வழிகள் மூன்று நான்குதான். பழைய எஸ்டேட் பங்களா கைமாறும்போது சாமான்கள் மொத்தமாக வெளியே வரும். வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜில் படிப்பு முடிந்து குடும்பங்கள் கிளம்பும் நேரத்தில் நல்ல செகண்ட் ஹேண்ட் மரச்சாமான் வரும், பழமை என்று சொல்ல முடியாவிட்டாலும் காசுக்குத் தகுந்தது. மார்க்கெட் பக்கத்துக் காயலான் கடையில் எடைக்குப் போட்ட பித்தளையும் பூட்டும் கிடைக்கும். அப்புறம் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இந்த மலையில் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்களின் வீடுகளில் டிரங்குப் பெட்டிகள், சிலோன் காசுகள், குடும்பப் படங்கள் இருக்கும். அந்த வீடுகளில் நீங்களாகப் போய் விலை கேட்காதீர்கள். அவர்களே எடுத்துக் காட்டினால் அது என்ன, எந்தக் காலத்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். கடல் தாண்டி வந்த அந்தப் பெட்டி அந்த வீட்டிலேயே இருப்பதுதான் முறை என்பது என் கருத்து.

பீங்கானில் இருந்து தொடங்குகிறேன், பங்களா வீடுகளில் அதுதான் அதிகம். தட்டின் அடியில் ஆங்கிலத்தில் வெறுமனே 'இங்கிலாந்து' என்று அச்சாகியிருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தையது. அந்த வருடம் முதல் இறக்குமதியாகும் பொருளில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் வைத்தது, அங்கே சரக்கு அனுப்பும் பீங்கான் ஆலைகள் எல்லாத் தட்டுக்கும் சேர்த்து அடிக்க ஆரம்பித்தன. 'மேட் இன் இங்கிலாந்து' என்று முழுசாக இருந்தால் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. வைரம் போன்ற கட்டத்துக்குள் சின்னச் சின்ன எழுத்துகள் இருந்தால் 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் வடிவத்தைப் பதிவு செய்த முறை அது, 1884-லிருந்து வெறும் 'ஆர்.டி.' எண்ணாக மாறிவிட்டது. ஆனால் அந்தத் தேதி வடிவத்தைப் பதிவு செய்த தேதி, தட்டு செய்த தேதி இல்லை. ஒரே வடிவத்தை வருடக்கணக்கில் தொடர்ந்து செய்வார்கள், இதைக் குழப்பிக்கொண்டு விலை ஏற்றிச் சொல்பவர்கள் நிறைய. ஜப்பான் சாமானில் 'நிப்பான்' என்று இருந்தால் 1891 முதல் 1921 வரை, அதன் பிறகு 'ஜப்பான்'.

முத்திரை பார்த்தாகிவிட்டதா, இப்போது தட்டை விரல் நுனியில் நிறுத்தி நகத்தால் ஓரத்தைச் சுண்டுங்கள். முழுத் தட்டு மணி போல இழுத்து ஒலிக்கும், விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் ஒன்று சட்டைப்பையில் இருக்கட்டும். பூவை லென்ஸில் பார்க்கும்போது பத்திரிகைப் படம் போலப் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சு, பிரஷ் தூக்கிய இடத்தில் வண்ணம் கொஞ்சம் தடித்து நின்றால் கை வேலை.

கரண்டி, டீ பாட் வகையறாவில் 'இ.பி.என்.எஸ்.' என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைப் பார்த்ததும் வெள்ளி என்று நினைத்து விடாதீர்கள். அது நிக்கல் கலவை உலோகத்தின் மேல் மின்முலாமாக வெள்ளி ஏற்றியது, உருக்கினால் ஒன்றும் தேறாது. இங்கிலாந்து வெள்ளி என்றால் நடக்கும் சிங்கம் ஒன்று குத்தியிருக்கும், அது 92.5 சதவீத வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருந்தால் பர்மிங்ஹாம், சிறுத்தைத் தலை இருந்தால் லண்டன், கிரீடம் இருந்தால் 1974 வரை ஷெஃபீல்ட். முலாம் சாமானிலும் இதே மாதிரி கட்டம் கட்டமாகக் குத்தி ஏமாற்றுப் பார்வை வரவைப்பார்கள், அதனால் சிங்கம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் தேடுங்கள்.

கடிகாரத்துக்கு ஒரு அனுபவம் சொல்கிறேன். மூன்று வருடம் முன்னால் ஒரு சுவர்க்கடிகாரம் விலைக்கு வந்தது. முகப்பில் 'அன்சோனியா, நியூயார்க்' என்று அழகாக எழுதியிருந்தது, பெண்டுலம் ஆடியது, மணி அடித்தது. நான் கிட்டத்தட்ட முன்பணம் கொடுத்துவிட்டேன். பெரியவர் ஒரு நிமிஷம் இருங்கள் தம்பி என்று சொல்லி, முகப்புத் தட்டைப் பிடித்திருந்த ஸ்க்ரூவை டார்ச் அடித்துக் காட்டினார். ஸ்டார் ஸ்க்ரூ, தலையில் கூட்டல் குறி போல வெட்டியது. அந்த வகை ஸ்க்ரூ புழக்கத்துக்கு வந்ததே 1930-களின் நடுவில், அன்சோனியா கம்பெனியோ 1929-ல் இயந்திரங்களை சோவியத் ரஷ்யாவுக்கு விற்றுவிட்டு மூடிவிட்டது. ரிப்பேரில் மாற்றியிருக்கலாமே என்று கேட்டேன். மாற்றியிருக்கலாம், அதனால் ஸ்க்ரூவை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது என்று சொல்லிவிட்டு முகப்பைக் கழற்றினார். உள்ளே பித்தளைத் தகட்டில் கம்பெனி முத்திரை எதுவும் இல்லை. பெட்டியின் பின்பலகையில் இந்த இயந்திரம் உட்கார்ந்திருக்கும் நான்கு துளைகளைத் தவிர, வேறு அளவில் இன்னும் மூன்று பழைய துளைகள் இருந்தன. முகப்பு புதிதாக அச்சடித்த காகிதம், ஓரத்தில் மட்டும் டீத்தண்ணீர் நிறத்தில் கறை. ஒரு பெட்டி, இன்னொரு இயந்திரம், புதுக் காகிதம் என்று மூன்றையும் ஜோடி சேர்த்திருந்தார்கள். ஜோடி சேர்த்த கடிகாரமும் நேரம் காட்டும், வீட்டில் மாட்டலாம், ஆனால் கொடுக்க வேண்டியது ஓடுகிற ஒரு கடிகாரத்துக்கான விலை மட்டும். ஜெர்மன் ஜுங்ஹன்ஸ் என்றால் எட்டு முனை நட்சத்திரமும் அதற்குள் 'ஜே' எழுத்தும் உள்ளே தகட்டில் இருக்கிறதா என்று பாருங்கள், முகப்பில் இருப்பது போதாது.

மரச்சாமானில் இழுப்பறைதான் சாட்சி. பக்கப்பலகையும் முன்பலகையும் சேரும் இடத்தில் புறா வால் போல விரிந்த வெட்டுகள் இருக்கும். கையால் வெட்டியது என்றால் ஒன்று அகலம் ஒன்று குறுகல் என்று சமமில்லாமல் இருக்கும், ஆசாரி கோடு கிழித்த கீறல்கூடத் தெரியும். அச்சில் வார்த்தது போல எல்லாம் ஒரே அளவு என்றால் மெஷின். பின்பலகை பிளைவுட் என்றால் பின்னால் மாற்றியது, இல்லாவிட்டால் மேசையே அண்மைக் காலத்தது. வட்ட மேசை என்றால் குறுக்கும் நெடுக்கும் டேப் வைத்து அளந்து பாருங்கள். மரம் நாரின் குறுக்கேதான் சுருங்கும், நூறு வருடப் பலகை என்றால் ஒரு பக்கம் கொஞ்சமாவது குறைந்திருக்கும். இரண்டு பக்கமும் துல்லியமாக ஒரே அளவு இருந்தால் ஆசாரி சிரிப்பார். தேக்கு மரமும் ஈட்டி மரமும் (ரோஸ்வுட்) தெரியாதவர்கள் பாலிஷ் நிறத்தை வைத்துப் பேசாதீர்கள், உள்பக்கம் பாலிஷ் படாத இடத்தில் பார்த்து, தூக்கி எடையும் பாருங்கள். ஈட்டி கனக்கும், ஊதா கலந்த கருமை ஓடும்.

மலையின் ஈரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஊட்டியில் மழைக்காலம் முழுக்க ஊறிய அலமாரியைக் கோயம்புத்தூர் வீட்டுக்கு இறக்கினால் இரண்டு கோடையில் பலகை வெடிக்கும். வாங்குவதற்கு முன் அது கீழே போகப் போகிறதா என்று யோசியுங்கள். பழைய கேமரா வாங்கினால் லென்ஸுக்குள் டார்ச் அடியுங்கள், சிலந்தி வலை மாதிரி படர்ந்திருந்தால் பூஞ்சை, விலை பாதிக்கு மேல் இறங்கிவிடும். மரத்தில் ஊசித் துளை இருந்தால் கீழே வெள்ளைத் தாள் விரித்துவிட்டு ஒரு தட்டு தட்டுங்கள். மாவு மாதிரி புதுத் தூள் கொட்டினால் உளு இன்னும் உயிரோடு இருக்கிறது, மற்ற சாமான்களோடு அதை வைக்காதீர்கள்.

நாணயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஆரம்பித்த வருடம், ஊட்டியில் நடைபாதையில் ஒருவரிடம் 1818 என்று போட்ட செப்புக்காசு வாங்கினேன், ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்து. 1,500 ரூபாய் கொடுத்தேன். எங்கள் அக்கா கையில் வாங்கிய உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். கம்பெனி அடித்த செப்புக்காசில் அனுமார் கிடையாது, ராமர் பட்டாபிஷேகமும் கிடையாது, இவை எல்லாம் பின்னால் யாரோ அடித்து விடுவது. சென்னை மாகாணத்து வராகனில் சாமி உருவம் உண்டு, ஆனால் அது தங்கம், பட்டாணிக்கடலை அளவு, அது வேறு கதை என்றார். பணம் போனதைவிட அதை வீட்டில் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டியிருந்ததுதான் எனக்கு வலித்தது. இன்றும் அந்தக் காசுகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன, அதில் சக்தி இருக்கிறது, அரிசியை இழுக்கும் என்று லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறவர்கள் வந்தால் அந்த இடத்திலேயே எழுந்து விடுங்கள்.

வெள்ளி ரூபாய்க்கு ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்கள் 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவீதம், ஆக சுமார் 10.7 கிராம் வெள்ளி. தேய்ந்திருந்தால் கொஞ்சம் குறையும், அரை கிராமுக்கு மேல் விலகினால் சந்தேகப்படுங்கள். போர்க்காலத்தில் 1940 முதல் 1945 வரை வந்த ரூபாயில் வெள்ளி பாதிதான். புலி போட்ட 1947 ரூபாய் நிக்கல், அது காந்தத்தில் ஒட்டும், ஒட்டுவதால் போலி என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1911-ஆம் வருட ரூபாயில் அரசரின் அங்கியில் இருந்த யானை பார்ப்பதற்குப் பன்றி மாதிரி தெரிந்ததால் எதிர்ப்பு வந்து அடுத்த வருடமே அதை மாற்றிவிட்டார்கள், சேகரிப்பவர்கள் அதைத் தேடுவார்கள். எந்த நாணயத்தையும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், பற்பொடி போடாதீர்கள். நூறு வருடம் படிந்த நிறம் போனால் விலையும் போய்விடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

இப்போது எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன், எழுத்தை வைத்துக் காலம் சொல்வது. இங்கிலாந்து முத்திரைகளைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், நம் பாத்திரத்தில் நம் எழுத்தில் இருப்பதை யாரும் படிப்பதில்லை. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்னால் லை, னை, ணை, ளை எல்லாம் முன்னால் தும்பிக்கை போல ஒரு சுழி போட்டு எழுதுவது, றா, னா, ணா எல்லாம் காலை விட்டுத் தனியாக எழுதாமல் எழுத்தோடு சேர்த்துச் சுழித்து எழுதுவது. எனாமல் போர்டிலோ பாத்திரத்திலோ அந்தப் பழைய லை இருந்தால் பெரும்பாலும் 1978-க்கு முந்தையது, பழக்கதோஷத்தில் சில வருடம் பின்னாலும் எழுதியிருப்பார்கள்.

காயலான் கடையில் எடைக்கு எடுத்த ஒரு பித்தளைக் கூஜா என்னிடம் இருக்கிறது. திருகுமூடி, மூடியின் மேல் பிடி, உள்ளே பூசிய ஈயம் பாதி போய்விட்டது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக ஒரு பெயர் வெட்டி, அதன் அடியில் 'யுவ வருஷம் தை மாதம்' என்று இருந்தது. தமிழ் வருடம் அறுபது வருடத்துக்கு ஒருமுறை திரும்பி வரும். யுவ என்றால் 1935 ஏப்ரலில் தொடங்கியது அல்லது 1995 ஏப்ரலில் தொடங்கியது. எது என்று எப்படிச் சொல்வது? பெயரில் ஒரு லை இருந்தது, சுழி போட்ட பழைய லை. 1995-ல் யாரும் அப்படி வெட்டியிருக்க மாட்டார்கள். அதற்கும் அறுபது வருடம் முன்னால் போனால் 1875 வரும், ஆனால் திருகுமூடியின் மரைகள் இவ்வளவு சீராக இருப்பதைப் பார்த்து அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்று பெரியவர் சொன்னார். ஆக 1936 ஜனவரி, பிப்ரவரி. கல்யாண சீராகவோ பொங்கல் சீராகவோ வந்திருக்கும். எடைக்கு வாங்கியதைப்போல நான்கு மடங்கு தருகிறேன் என்று ஒருவர் கேட்டார், கொடுக்கவில்லை.

இதே மாதிரி டப்பா, லேபிள், ரசீது இவற்றிலும் தேதி ஒளிந்திருக்கும். ஆறு இலக்க பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிறகு. விலை அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முன், 'நயா பைசா' என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். 'மெட்ராஸ் ஸ்டேட்' என்றால் 1969 ஜனவரிக்கு முன், முகவரியில் சென்னை என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் 1996-க்குப் பின். 'சிலோன்' என்று நாட்டின் பெயராகப் போட்டிருந்தால் 1972 மே மாதத்துக்கு முன், தேயிலை டப்பாவில் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது, இன்றும் சிலோன் டீ என்றுதான் விற்கிறார்கள். ஊட்டியில் இருந்த எச்.பி.எஃப். (இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) தொழிற்சாலையின் 'இந்து' ஃபிலிம் டப்பாக்களில் காலாவதித் தேதியே அச்சாகியிருக்கும், பிரிக்காத பெட்டி கிடைத்தால் பிரிக்காமலே வையுங்கள். பழைய புகைப்படம் என்றால் ஒட்டியிருக்கும் அட்டையின் அடியையும் முதுகையும் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஊட்டியில் ஸ்டுடியோ வைத்திருந்த ஏ.டி.டபிள்யூ. பென் பெயர் அச்சாகியிருந்தால் அதை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல் அப்படியே எடுத்து வாருங்கள்.

வாங்கக் கூடாதவையும் உண்டு. பங்களாச் சுவரில் மாட்டிய காட்டெருமைத் தலை, புலித்தோல், கடமான் கொம்பு, யானைத் தந்தம். மைசூர் வான் இங்கன் கம்பெனி பதப்படுத்தியது என்று ஆசை காட்டுவார்கள், அது உண்மையாகவே இருக்கலாம், ஆனாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி விற்பதும் வாங்குவதும் குற்றம். மலைமேல் பழங்கால ஈமச் சின்னங்களான கல்வட்டங்களில் தோண்டி எடுத்த பானை, மணி, வெண்கலக் கிண்ணம் இவற்றைத் தொடவே வேண்டாம். நீலகிரிக் கமிஷனராக இருந்த பிரீக்ஸ் 1870-களில் தோண்டியெடுத்த அந்த மாதிரிப் பொருள்கள் எழும்பூர் மியூசியத்தில் இருக்கின்றன, ஆசை தீர அங்கே போய்ப் பாருங்கள். மண்ணுக்குள் கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது. நூறு வருடம் தாண்டிய சிலை, ஓவியம் போன்றவற்றுக்கும் 75 வருடம் தாண்டிய கையெழுத்துப் பிரதிகளுக்கும் 1972 தொல்பொருள் சட்டம் பொருந்தும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. கோயில் விக்கிரகம் என்று யாராவது பேச்செடுத்தால் அங்கே நிற்காதீர்கள்.

சரி, விலை. ஒரு பொருளுக்கு மூன்று விலை உண்டு. முதலாவது எடைக்குப் போட்டால் கிடைப்பது, பித்தளைக்கும் வெள்ளிக்கும் அன்றைய ரேட்டை எடையால் பெருக்கினால் வந்துவிடும், அதற்குக் கீழே யாரும் விற்கத் தேவையில்லை. இரண்டாவது கடைக்காரர் உங்களிடம் வாங்கும் விலை. அவர் அதைச் சரிசெய்து, வாடகை கட்டி, ஆள் வரும்வரை வைத்திருக்க வேண்டும், அதனால் அது குறைவாகத்தான் இருக்கும், அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. மூன்றாவது தேடிக்கொண்டிருக்கும் சேகரிப்பாளர் கொடுக்கும் விலை. இந்த மூன்றாவதைத் தெரிந்துகொள்ள இணையத்தில் விற்பனைக்குப் போட்டிருக்கும் விலையைப் பார்க்காதீர்கள், யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம். ஏலம் முடிந்து உண்மையில் விற்ற விலையைத் தேடுங்கள், நாணய ஏல நிறுவனங்கள் முடிவுகளை வெளியிடுகின்றன. அதே வருடம், அதே நிலை, அதே அளவு என்று மூன்று விற்பனையாவது கிடைத்தால்தான் நான் ஒரு தொகை சொல்வேன். பிறகு குறைகளைக் கழிக்க வேண்டும். மூடி போன டீ பாட், சாவி போன பெட்டி, ஒரு தட்டு குறைந்த செட், இவை விகிதப்படி குறையாது, சரசரவென்று இறங்கும்.

கூட்டாளிகளிடம் காட்டும்போது 'இது எவ்வளவு வரும்' என்று ஆரம்பிக்காதீர்கள். உயரம், அகலம், எடை, எங்கே எப்படிக் கிடைத்தது, என்ன எழுதியிருக்கிறது, எங்கே உடைந்திருக்கிறது, இதைச் சொல்லுங்கள். போட்டோ அனுப்பினால் ஃபிளாஷ் வேண்டாம், காலை வெளிச்சத்தில் ஜன்னல் பக்கத்தில் வைத்து அடி, பின்பக்கம், முத்திரை, குறை என்று நான்கு படமாவது எடுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள். நீங்கள் நினைத்த பதிலை முதலில் சொல்லிவிடாதீர்கள். 'இது அன்சோனியாதானே' என்று கேட்டால் பாதிப் பேர் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

எங்களுக்குள் ஒரே ஒரு விதி கண்டிப்பாக உண்டு, விலை சொன்னவர் அந்தப் பொருளை வாங்கக் கூடாது. வாங்க ஆசை இருந்தால் 'எனக்கு இது வேண்டும், அதனால் நான் விலை சொல்லவில்லை, மற்றவர்களைக் கேளுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு பாட்டி பேரனோடு வந்து கணவருடைய பாக்கெட் வாட்சைக் காட்டினால், அந்த அம்மாவுக்கு நாம் சொல்வதுதான் வேதம். அந்த இடத்தில் குறைத்துச் சொல்லிவிட்டு நாமே வாங்கிக்கொள்வது திருட்டுக்குச் சமம் என்று நினைக்கிறேன். இந்த விதியை மீறிய ஒருவரை நாங்கள் மறுபடி அழைக்கவில்லை. அதேபோல மூன்று பேர் மூன்று தொகை சொன்னால் சராசரி எடுக்காதீர்கள், ஏன் அந்தத் தொகை என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள், காரணம் சொல்ல முடிந்தவர் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. வாங்கிய தேதி, ஊர், கொடுத்த விலை, யார் பார்த்து என்ன சொன்னார்கள், எந்த ஆதாரத்தை வைத்துச் சொன்னார்கள், எது இன்னும் தெரியவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் போட்டு அதே எண்ணைச் சின்னத் தாளில் எழுதிப் பொருளோடு வையுங்கள், செலோ டேப் மட்டும் ஒட்டாதீர்கள், பாலிஷையே உரித்துவிடும். எழுதுவதைப் பென்சிலில் எழுதுங்கள், ஆடி மாத ஈரத்தில் பேனா மை ஊறிப் பரவிவிடும், என் முதல் நோட்டில் பாதிப் பக்கங்கள் அப்படித்தான் போயின.